டை கிளிப்: மலைக்குத் தாங்குவது எது?

ஆனி, ஆடியில் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் டை கட்டிக்கொண்டு நடந்தால், டையின் நுனி தோளுக்கு மேல் போய்த்தான் நிற்கும். லவ்டேல், குன்னூர், கோத்தகிரியில் விடுதிப் பள்ளிகள். ஊர் முழுக்க ஓட்டல்கள். நடுவில் தேயிலை நிறுவன அலுவலகங்கள். இங்கே டை தினசரி உடை, அதைப் பிடித்து நிறுத்தும் கிளிப் தினசரிக் கருவி. அப்படியிருந்தும் சீருடைக்கு மொத்தமாக வாங்கும்போது துணிக்கும் ஷூவுக்கும் காட்டும் கவனத்தில் பாதிகூட இதற்குக் கிடைப்பதில்லை. பளபளப்பைப் பார்த்து 200 கிளிப் வாங்கி, அடுத்த மழைக்காலத்துக்குள் பாதி துருப்பிடித்து மீதி தளர்ந்து போகிறது.

என்னென்ன வகை உண்டு, ஒவ்வொன்றும் எங்கே தோற்கும், பட்டறையில் செய்து வாங்குவதானால் என்ன அளவு சொல்ல வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

கிளிப் செய்ய வேண்டிய வேலை

டையின் அகலமான முன்பட்டை, அதன் பின்னால் தொங்கும் ஒல்லிப்பட்டை, சட்டையின் பட்டன் பட்டி. கிளிப் இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பட்டன் பட்டியை விட்டுவிட்டு இரண்டு பட்டைகளை மட்டும் கவ்வினால் கிளிப் போட்டும் பயனில்லை. கூடுதல் எடையோடு மொத்த டையும் சேர்ந்து பறக்கும். "கிளிப் சரியில்லை" என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இடம், சட்டையின் மூன்றாவது பட்டனுக்கும் நான்காவது பட்டனுக்கும் நடுவே. கிளிப்பைச் சொருகியபின் அதற்கு மேலே உள்ள டையை ஒரு விரல் நுழையும் அளவுக்கு மெல்லத் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போதெல்லாம் முடிச்சு கழுத்தை இழுக்கும், கிளிப்பும் இடம் மாறும்.

நீளத்துக்கு எளிய அளவு: கிளிப் விழும் இடத்தில் டையின் அகலத்தில் முக்கால் பங்கு. டையின் கீழ்நுனியில் அளக்கக் கூடாது, அங்கே அகலம் கூடுதலாக இருக்கும். பெரியவர்கள் கட்டும் டைக்கு 50 மி.மீ. கிளிப் பொருந்தும். பள்ளிச் சீருடை டை ஒல்லி; அதற்கு 45 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. டையைவிட நீளமான கிளிப்பின் முனை வெளியே துருத்திக்கொண்டு, புத்தகப் பை வாரில் மாட்டும்.

மலைக்கு என்று மூன்று தொல்லைகள் கூடுதல். காற்றைச் சொல்லிவிட்டோம். அடுத்தது ஈரம். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், நடுவட்டம், ஊட்டி பக்கம் நனையும். வடகிழக்கு வந்தால் குன்னூரும் கோத்தகிரியும். மழை இல்லாத நாளிலும் மேகம் இறங்கும். காலைக் குளிரில் வந்த உலோகம் ஆட்கள் நிறைந்த சூடான அறைக்குள் நுழைந்ததும் வியர்க்கும். துளி தெரியாது, ஆனால் கீலுக்குள்ளும் ரிவெட்டுக்குள்ளும் அந்த ஈரம் தங்கும். மூன்றாவது கம்பளி. ஸ்வெட்டரோ வெய்ஸ்ட்கோட்டோ மேலே வந்துவிட்டால் கிளிப்புக்கு வேலையில்லை, கழற்றி வைக்கலாம். நடைமுறையில் யாரும் கழற்றுவதில்லை. ஸ்வெட்டருக்கு அடியில் கிடக்கும் கிளிப்பின் கூர்முனை உள்பக்க நூலை ஒவ்வொன்றாக இழுத்துவிடும். ஆகவே இங்கே முனை உருண்டிருப்பது அழகுக்காக அல்ல.

சீக்கிரம் ஒதுக்கிவிடக் கூடியவை

துணியைத் துளைத்துப் பின்னால் குப்பி மாட்டும் டை பின் ஒரு கல்யாணத்துக்குச் சரி. தினமும் குத்தினால் பட்டில் துளை பெரிதாகும். இன்றைய டைத்துணி 45 டிகிரி சாய்வாக வெட்டப்படுவதால் ஓர் இழை அறுந்தாலும் கோடு குறுக்கே ஓடும். பின்பக்கக் குப்பி தொலைந்தால் ஊசி மட்டும் மிஞ்சும். பள்ளிக்கு ஊசி வேண்டவே வேண்டாம்.

டை செயின் துணியைக் கெடுக்காது. ஆனால் அது டையை அழுத்திப் பிடிப்பதில்லை, வெறுமனே சுற்றி நிற்கிறது. காற்றில் டை அதற்குள்ளேயே ஆடும்.

காந்தக் கிளிப்பில், துணி தடிக்கத் தடிக்கப் பிடிப்பு சட்டென்று குறையும். நியோடிமியம் காந்தம் கண்ணாடிபோல் உடையக்கூடியது. மேல்பூச்சு ஓர் இடத்தில் பெயர்ந்தால் ஈரம் புகுந்து உள்ளே பொடியாகும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் நெஞ்சருகே காந்தம் வரவே கூடாது. இந்தக் காரணம் ஒன்றே பொதுச் சீருடையிலிருந்து இதை நீக்கப் போதும்.

உலோகமே இல்லாத வழி

பலரும் மறந்துபோன இதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். டையின் முன்பட்டைக்குப் பின்னால், ஒல்லிப்பட்டையைச் சொருக ஒரு துணி வளையம் தைத்திருக்கும். 15 மி.மீ. அகல டேப் ஒன்றை எடுத்து, இரு முனையிலும் காஜா எடுக்க வேண்டும். இரண்டு காஜாவுக்கும் நடுவே உள்ள தூரம், சட்டையில் அடுத்தடுத்த இரண்டு பட்டன்களின் இடைவெளியைவிட 2 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். டேப்பை அந்த வளையத்துக்குள் விட்டு, மேல் காஜாவை ஒரு பட்டனிலும் கீழ்க் காஜாவை அடுத்த பட்டனிலும் மாட்டினால் டை எங்கேயும் போகாது. வெளியே எதுவும் தெரியாது, துருவும் இல்லை, கூர்முனையும் இல்லை. சட்டை தைக்கும் கடையிலேயே முடிந்துவிடும்.

குறை இரண்டு. மாட்டக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வளையத்தின் தையல் பலவீனமாக இருந்தால் இழுவை முழுவதும் அதில் விழுந்து பிரியும். டை வாங்கியதும் அந்த வளையத்தின் இரு ஓரத்திலும் நாலு தையல் கூடுதலாகப் போட்டுவிட வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். அந்த வயதுக் கைக்கு உலோகக் கிளிப் ஒரு விளையாட்டுச் சாமான், சமயத்தில் வாயிலும் போகும்.

முதலைவாய்க் கிளிப்பா, ஒற்றைப் பட்டையா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

முதலைவாய் வகையில் முன்தகடு, பின்தாடை, கீல் ஆணி, ஸ்பிரிங் என்று குறைந்தது நான்கு பாகங்கள். விரலால் அழுத்தினால் வாய் திறக்கும். இதன் பெரிய பலம், தடித்த துணியிலும் ஒரே மாதிரி பிடிப்பது. பிடிப்பு ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது, தகட்டின் வளைவிலிருந்து அல்ல. அதனால் 6 மி.மீ. தடிப்புள்ள கம்பளி டையைக் கவ்வினாலும் எந்தப் பாகமும் நிரந்தரமாக வளைந்துவிடாது. பின்னல் டை, கம்பளி டை கட்டுகிறவர்களுக்கு இதுவே சரி. ஒற்றைப் பட்டையை அங்கே சிபாரிசு செய்ய மாட்டோம்.

ஆனால் மலையில் இதன் ஒவ்வொரு பாகமும் ஒரு கேள்விக்குறி. விலை குறைந்தவற்றில் கீல் ஆணியும் ஸ்பிரிங்கும் சாதா இரும்பு, மேலே மெல்லிய நிக்கல் முலாம். ஆணி சுழலும்போது முலாம் தேய்கிறது, தேய்ந்த இடத்தில் ஈரம் தங்குகிறது, துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். அதனால் கீல் முதலில் இறுகும். பிறகு துரு உதிர்ந்து லொடலொடவென்று ஆடும். ஆடத் தொடங்கினால் மேல்தாடையும் கீழ்த்தாடையும் நேருக்கு நேர் சேராமல், பல் பக்கவாட்டில் துணியைச் சுரண்டும். வெள்ளைச் சட்டையின் பட்டன் பட்டியில் வரும் பழுப்புக் கறை பெரும்பாலும் இந்தக் கீலிலிருந்து இறங்கியதுதான், சோப்புக்குப் போகாது.

இந்த வகைதான் வேண்டும் என்றால் கடையில் நின்றபடியே மூன்றைப் பாருங்கள். தாடையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். புதுசிலேயே ஆடினால் வேண்டாம். மூடிய வாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பல்வரிசை முழு நீளத்துக்கும் சேர்ந்திருக்க வேண்டும். பல்லின் மேல் விரலை ஓட்டினால் அலைபோல் தட்ட வேண்டும், ரம்பம்போல் கிழிக்கக் கூடாது.

ஒற்றைப் பட்டை வகையில் ஒரே தகடு, ஒரே வளைவு. ஆணி இல்லை, சுருள் இல்லை, ரிவெட் இல்லை. பக்கவாட்டிலிருந்து சொருக வேண்டியதுதான். ஈரம் ஒளிந்துகொள்ள இடுக்கு கிடையாது, கழுவித் துடைத்தால் தீர்ந்தது. தினமும் போட்டுக் கழற்றும் சீருடைக்கு, டை சாதாரண பாலியெஸ்டரோ பட்டோ என்றால், எங்கள் தேர்வு இதுதான். ஆனால் ஸ்பிரிங், கீல், தாடை மூன்றின் வேலையையும் இங்கே ஒரே தகடு செய்கிறது. ஆகவே உலோகமும் தடிப்பும் பிசகினால் மொத்தமும் பிசகும். கடைகளில் இந்த வகைக்குக் கெட்ட பெயர் இருக்கிறது, "ரெண்டே மாசத்தில் வாய் பிளந்துவிடும்" என்பார்கள். அது வடிவத்தின் குற்றமல்ல, இளகிய தகட்டின் குற்றம்.

இதிலேயே கம்பியில் செய்யும் ஒரு கிளை உண்டு, பேப்பர் கிளிப்பின் பெரிய உருவம்போல. 1.2 மி.மீ. எவர்சில்வர் ஸ்பிரிங் கம்பியின் விறைப்பு, 5 மி.மீ. அகலம் 0.6 மி.மீ. தடிப்புள்ள பட்டையின் விறைப்புக்கு ஏறக்குறைய சமம். தகடு வெட்டும் மெஷினே வேண்டாம். வைஸும் இரண்டு ஆணி அடித்த கட்டையும் போதும். ஆனால் கம்பி ஒரே கோட்டில் அழுத்துவதால் இரவு முழுக்க மாட்டி வைத்தால் டையில் தடம் விழும், ஒற்றைக் கம்பி டையின் மேல் சுழலவும் செய்யும். அவசரத்துக்கும் கைப்பழக்கத்துக்கும் நல்லது. சீருடைக்குப் பட்டைதான்.

எந்த உலோகம்

நல்ல தர வீட்டுப் பாத்திரங்களில் வரும் எவர்சில்வர் 304 ரகம். துருவைத் தாங்கும், எளிதில் கிடைக்கும். ஆனால் சூடேற்றி இளக்கிய நிலையில் வரும் 304 தகடு, சதுர மி.மீட்டருக்கு 205 நியூட்டன் அளவுத் தகைவிலேயே (வளைக்கும்போது உலோகத்துக்குள் ஏறும் இழுவிசை) நிரந்தரமாக வளையத் தொடங்கும். அதே குடும்பத்தின் 301 ரகத்தை உருளையில் அழுத்தி அரை விறைப்புக்குக் கொண்டுவந்தால் அந்த எல்லை 760-க்குப் போகிறது. பட்டறையில் "ஹாஃப் ஹார்டு 301" என்று கேட்க வேண்டும். 'எஸ்.எஸ். தகடு' என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் இளகிய தகடுதான் வரும்.

வித்தியாசம் எங்கே தெரியும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 5 மி.மீ. அகலம், 0.6 மி.மீ. தடிப்பு, வளைவிலிருந்து பிடிக்கும் இடம்வரை 42 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நுனி 3 மி.மீ. விரிந்தால் கிளிப்பின் இரண்டு கையும், அதாவது வளைவுக்கு முன்னும் பின்னும் உள்ள பட்டைகள், ஆளுக்கு 1.5 மி.மீ. வளைகிறது. அப்போது பிடிப்பு ஏறக்குறைய 100 கிராம் எடைக்குச் சமம், கையின் அடியில் தகைவு 148. இந்த அளவில் 304-கூடத் தப்பிவிடும், அதனால்தான் கடையில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. ஒரு நாள் யாரோ அதே கிளிப்பை ஸ்வெட்டர் விளிம்போடு சேர்த்துச் சொருகி 8 மி.மீ. விரித்துவிடுகிறார்கள். தகைவு 394-க்கு ஏறுகிறது. 304-ன் எல்லை அங்கே தாண்டிவிட்டது, வாய் திரும்ப மூடாது. 301 பாதி தூரத்தில்தான் நிற்கிறது, விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

காந்தம் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரை விறைப்பு 301-ஐக் காந்தம் லேசாக இழுக்கும். உருளையில் அழுத்தும்போது உலோகத்தின் உள்ளமைப்பு கொஞ்சம் மாறுவதே காரணம். போலி என்று நினைத்துத் திருப்பி அனுப்ப வேண்டாம். காந்தம் சப்பென்று ஒட்டிக்கொண்டால்தான் முலாம் பூசிய இரும்பு என்று சந்தேகப்பட வேண்டும்.

பித்தளை பார்க்க இதமானது, அரத்துக்கும் எமரிக்கும் நன்றாக இணங்கும். அதன் விறைப்பு எஃகில் பாதியைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். 0.6 மி.மீ. எவர்சில்வர் தரும் பிடிப்பு வேண்டுமானால் பித்தளையில் 0.75 மி.மீ. போக வேண்டும். அரை விறைப்புத் தகடாகவே வாங்க வேண்டும். பித்தளையில் பெரும்பாலும் நடக்கும் தவறு வேறு: கிளிப்பின் முகத்தில் பள்ளிச் சின்னத்தை வெள்ளிப் பற்றாசு வைத்துப் பற்றவைப்பது. அதற்கு 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பித்தளை முழுக்க இளகி, ஸ்பிரிங் தன்மை போய், ஈயத் தகடுபோல் ஆகிவிடும். சூளையில் சுடும் எனாமலுக்கும் இதே கதிதான். சின்னம் வேண்டுமென்றால் குளிர்நிலை எப்பாக்ஸி எனாமல், அல்லது பொறித்தல்.

பித்தளை இங்கே சீக்கிரம் மங்கும். புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சிடும். தேய்த்தபின் நல்ல தண்ணீரில் அலசி உடனே துடைக்காவிட்டால் புளியின் அமிலமே மறுநாள் கறுப்பாக்கும். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பதும் தவறு. மெத்தென்ற பி.வி.சி. உறை நாளடைவில் விடும் பொருள்கள் செம்பு கலந்த உலோகத்தில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் எப்படியும் காடாத்துணிப் பையே உத்தமம்.

வெள்ளி மிருதுவானது, அத்துடன் கம்பளியில் உள்ள கந்தகம் அதைக் கறுக்க வைக்கும். கம்பளி பிளேசரோடு ஒரே பீரோவில் கிடக்கும் வெள்ளிக் கிளிப் சீக்கிரம் கறுப்பது அதனால்தான். பரிசுக்கு வைத்துக்கொள்ளலாம். அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான், எளிதில் வாய் பிளக்கும். நேரம் செலவழிக்க வேண்டாம்.

செய்து வாங்கும்போது சொல்ல வேண்டிய அளவுகள்

50 மி.மீ. கிளிப்புக்கு, 301 அரை விறைப்பு, 0.6 மி.மீ. தடிப்பு, 5 மி.மீ. அகலம், 98 மி.மீ. நீளத் துண்டு. அதில் முன்கை நேராக 48 மி.மீ., வளைவுக்கு ஏறக்குறைய 5.7, பின்கை 40, கடைசி 4 மி.மீ. வெளிப்பக்கமாக 25 முதல் 30 டிகிரி மடங்கிய உதடு. வளைவின் உள் ஆரம் 1.5 மி.மீ. எடை 2.4 கிராம் வரும்.

அந்த உதட்டை வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உதடு இல்லாத கிளிப்பைச் சொருக, நகத்தால் வாயைப் பிளக்க வேண்டும். அப்படிப் பிளக்கும்போதுதான் துணி கிழிவதும் தகடு கோணுவதும். 4 மி.மீ. உதடு இருந்தால் துணியின் ஓரமே வாயைத் திறந்து உள்ளே போகும்.

பள்ளி டைக்கு 45 மி.மீ. கேட்டால் வெறுமனே 5 மி.மீ. குறைத்து விடக் கூடாது. கை சுருங்கினால் விறைப்பு நீளத்தின் மும்மடிக் கணக்கில் (நீளம் × நீளம் × நீளம்) ஏறும், 5 மி.மீ. குறைத்ததும் பிடிப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும், சின்னக் கைகளுக்குச் சொருக முடியாது. தடிப்பையும் 0.5 மி.மீ.க்கு இறக்கினால் மறுபடி 85, 90 கிராம் பிடிப்புக்கு வரும். தடிப்பும் மும்மடியில்தான் வேலை செய்கிறது: "பலமாக இருக்கட்டும்" என்று 0.8-க்குப் போனால் பிடிப்பு 2.4 மடங்கு. டையில் தடம் விழும், பட்டன் பட்டி சுருங்கும், ஒரு வாரத்தில் யாரும் போட மாட்டார்கள்.

தகட்டுக்கு உருட்டிய திசை என்று ஒன்று உண்டு, மரத்தின் நரம்பைப்போல. துண்டின் நீளம் அந்தத் திசையிலேயே வர வேண்டும். அப்போதுதான் மடிப்புக்கோடு நரம்புக்குக் குறுக்கே விழும். மாற்றி வெட்டினால் மடிப்பின் வெளிப்புறத்தில் மயிரிழை விரிசல் வரும். அன்றைக்குத் தெரியாது, சில மாதத்தில் அங்கே ஒடியும். 100 மி.மீ. அகலச் சுருளிலிருந்து 1 மீட்டர் எடுத்தால், லேசர் வெட்டுக்கு இடையே 2 மி.மீ. விட்டு, 140 துண்டு வரும். அந்த ஒரு மீட்டரின் எடை அரைக் கிலோகூட இல்லை. 200 கிளிப்புக்கு ஒன்றரை மீட்டர் போதும், பத்துத் துண்டு உதிரியாக மிஞ்சும். நீலகிரிக்காரர்களுக்கு லேசர் வேலை கோவையில் முடியும். கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல்லில் இறங்கினால் பூட்டுத் தொழிலில் பழகிய கைகள் இருக்கின்றன. பித்தளைத் தகடும் ஸ்பிரிங்கும் அவர்களுக்குப் புதிதல்ல.

வளைக்கும் முன்பே, வெட்டிய ஓரத்தில் துருத்தி நிற்கும் பிசிரை எடுத்துவிட வேண்டும். இதில் வரிசை முக்கியம். பிசிர் வெளிப்புறம் வரும்படி வளைத்தால் விரிசல் பிசிரிலிருந்தே தொடங்கும். உட்புறம் வரும்படி வளைத்தால் டையை அறுக்கும், அப்புறம் உள்ளே எமரி நுழையாது. தட்டையாக இருக்கும்போதே நான்கு ஓரத்தையும் 400 நம்பர் எமரியிலும் பிறகு 800-லும் ஓட்டி, இரு முனையையும் அரைவட்டமாக உருட்ட வேண்டும். ஒரு துளி பஞ்சை உருட்டி ஓரம் முழுக்க இழுத்துப் பாருங்கள். ஓர் இழை சிக்கினாலும் மறுபடி எமரிக்குப் போக வேண்டியதுதான். பஞ்சு சிக்கும் இடத்தில் நாளை பட்டு சிக்கும்.

புதுத் தகட்டின் மேல் ஒட்டி வரும் பாதுகாப்புப் படலத்தின் பசை மிஞ்சியிருந்தால் நீலகிரித் தைலம் நனைத்த துணியால் துடைத்தாலே போய்விடும். இரும்பு அரம், இரும்பு நார் மட்டும் தொடவே கூடாது. அவை எவர்சில்வரில் நுண்ணிய இரும்புத் துகளைப் பதித்துவிடும். மலை ஈரத்தில் அந்தத் துகள் துருப்பிடித்து, கிளிப்பே துருப்பிடித்ததுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

வளைக்க 2.5 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டைப் பயன்படுத்தலாம். தகடு விட்டதும் கொஞ்சம் திரும்பி விரியும் என்பதால் ஆரம் தானாக 1.5-ஐ நெருங்கும். முதலில் உதட்டை மடித்துவிட வேண்டும், வளைத்தபின் மடிக்க இடம் இருக்காது. அடுத்து தண்டைச் சுற்றி வளைவு. 180 டிகிரியில் நிறுத்தினால் திறந்துகொள்ளும், 190-லிருந்து 200 வரை தாண்டிப் போக வேண்டும். எவ்வளவு தாண்டுவது என்பது தகட்டுச் சுருளுக்குச் சுருள் மாறும். அந்தப் பத்து உதிரித் துண்டுகள் இதற்குத்தான். கடைசியில் பின்கையின் நுனி, கிளிப் சும்மா இருக்கும்போதே முன்கையை மெல்ல அழுத்தித் தொட வேண்டும். இடையில் பேப்பர் நுழைந்தால் போதவில்லை என்று அர்த்தம்.

முடிந்தபின் சோப்புத் தண்ணீரில் கழுவி, 100 மி.லி. தண்ணீருக்கு 5 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த வெதுவெதுப்பான கரைசலில் 20 நிமிடம் ஊற வைத்து, அலசித் துடைக்க வேண்டும். ஒட்டிய இரும்புத் துகள் கரைந்து, எவர்சில்வரின் காப்புப்படலம் சீராக அமையும். பெயரோ எண்ணோ லேசரில் பொறிப்பதானால் ஊறவைப்பதற்கு முன்பே பொறித்துவிடுங்கள். லேசரின் சூடு அந்த எழுத்தடியில் காப்புப்படலத்தைக் கெடுக்கும், ஊறல் ஓரளவு சரிசெய்யும். எண் பொறிப்பது நல்ல பழக்கம். இந்தக் கிளிப் ஒடிந்து வீணாவதைவிடத் தொலைந்து வீணாவதே அதிகம்.

யாருக்கு எது

சின்ன வகுப்புகளுக்குக் காஜா டேப். ஆறாம் வகுப்பிலிருந்து மேலே 45 மி.மீ., 0.5 தடிப்பு, 301 ஒற்றைப் பட்டை, சின்னம் பொறித்தது. ஓட்டல் ஊழியர், அலுவலகத்தாருக்கு 50 மி.மீ., 0.6. ஓட்டல் முகப்பில் தங்கநிறம் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் 0.75 மி.மீ. பித்தளை, மேலே லேக்கர் பூச்சு, ஆண்டுக்கொரு முறை பூச்சைப் புதுப்பிக்க ஆள் ஒதுக்குங்கள். ஆள் ஒதுக்க முடியாது என்றால் எவர்சில்வரே போதும். கம்பளி டை கட்டுகிறவர்களுக்கு முதலைவாய், ஆனால் ஆணியும் ஸ்பிரிங்கும் எவர்சில்வர் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மொத்தமாக வெட்டச் சொல்லுமுன் இரண்டு மாதிரி வாங்கி இரண்டு சோதனை. முன்கையை வைஸில் படுக்கையாகப் பிடித்து, பின்கையின் உதட்டில் நூல் கட்டி 100 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். நுனி 1 முதல் 2 மி.மீ. திறந்தால் சரி. 3-ஐத் தாண்டினால் தகடு மெலிசு, அசையவே இல்லையென்றால் தடிப்பு. அடுத்து நுனியில் 8 மி.மீ. டிரில் பிட்டின் தண்டைச் செருகி பத்து நிமிடம் விட்டு எடுங்கள். நுனி பழையபடி முன்கையைத் தொட்டால் விறைப்பான தகடு வந்திருக்கிறது. இடைவெளி மிஞ்சினால், பில்லில் என்ன எழுதியிருந்தாலும், அது இளகிய தகடு. மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.